நீராவியோடு கரைப்பான்: ஆல்பர்ட்டாவின் கன எண்ணெயில் என்ன கிடைக்கிறது, என்ன தங்கிவிடுகிறது

கன எண்ணெய் எடுக்கும் வயல்களில் நீராவியோடு பியூட்டேன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களைச் சிறிதளவு சேர்த்துச் செலுத்தினால் எண்ணெய் விரைவாகவும் குறைந்த எரிபொருள் செலவிலும் வரும் என்கிறார்களே, அது உண்மையா, உண்மையென்றால் கனடாவின் பெரிய நிறுவனங்கள் ஏன் இன்னும் பெரும்பாலும் வெறும் நீராவியையே நம்பியிருக்கின்றன என்பது கேள்வி. முதற்பாதிக்கு விடை எளிது: உண்மைதான். ஆய்வகத்திலும் வயலிலும் அது மறுபடி மறுபடி காட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாதிக்கு விடை சொல்லத்தான் சற்று நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த முறையின் வெற்றி தோல்வி எவ்வளவு எண்ணெய் கூடுதலாக வந்தது என்பதைவிட, உள்ளே அனுப்பிய கரைப்பானில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

இது அதிகம் சோதிக்கப்பட்ட இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன். அத்தபாஸ்கா, கோல்ட் லேக், பீஸ் ரிவர் என்ற மூன்று பகுதிகளில் மணற்பாறையின் நுண்துளைகளை நிரப்பிக்கொண்டு பிட்டுமென் என்ற மிகக் கெட்டியான எண்ணெய் கிடக்கிறது. மேல்மட்டத்தில் ஏறத்தாழ 75 மீட்டர் ஆழத்துக்குள் இருப்பதைச் சுரங்கம் போல வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் எடுக்கத்தக்க இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு அதைவிட ஆழத்தில் இருக்கிறது, அதைக் கிணறு போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாறையின் இயல்பான வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அந்தக் குளிரில் அத்தபாஸ்கா பிட்டுமெனின் பாகுநிலை, அதாவது அதை ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, 10 லட்சம் சென்டிபாய்ஸைத் தாண்டுகிறது. நீரின் பாகுநிலை 1 சென்டிபாய்ஸ் என்பதை நினைத்துக்கொண்டால் அது ஏன் அசையாது என்பது விளங்கும். கோல்ட் லேக்கில் நிலைமை சற்று மேல், 1 லட்சம் சென்டிபாய்ஸ் அளவில் இருக்கும். அதே பிட்டுமெனை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுநிலை 10 சென்டிபாய்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். நீராவித் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு சரிவின் மேல்தான் நிற்கிறது.

நீராவியால் கிணற்றைச் சூடாக்கி அதே கிணற்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் சுழற்சி முறை தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1959-இல் வெனிசுவேலாவின் மெனே கிராண்டே வயலில் ஷெல் நிறுவனம் நீராவி செலுத்திக்கொண்டிருந்தபோது நீராவி நிலத்தைப் பிளந்து வெளியேறியது. அழுத்தத்தைக் குறைக்கச் செலுத்துகிணறுகளைத் திறந்துவிட்டபோது அவற்றிலிருந்தே எதிர்பாராத அளவு எண்ணெய் வந்தது. அத்தபாஸ்காவுக்கு அந்த முறை போதவில்லை. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிய ரோஜர் பட்லர் வேறொரு வழியை வகுத்தார்: ஒன்றின்மேல் ஒன்றாக, ஏறத்தாழ 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிடைமட்டக் கிணறுகள், மேற்கிணற்றில் நீராவி, கீழ்க்கிணற்றில் உற்பத்தி. நீராவி மேலெழுந்து ஓர் அறையைப் போல விரிகிறது, அதன் ஓரத்தில் குளிர்ந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைப் பாறைக்குக் கொடுக்கிறது, சூடேறிய பிட்டுமெனும் அந்த நீரும் புவியீர்ப்பால் ஓரத்தின் வழியே கீழே வடிகின்றன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வயலில் இதைச் 'சாக்டி' என்பார்கள், இங்கும் அப்படியே சொல்கிறேன். ஃபோர்ட் மெக்முர்ரே அருகே ஆல்பர்ட்டா அரசின் நிலத்தடிச் சோதனைக் கூடத்தில் 1987-இல் தொடங்கிய சோதனைகள் இதை மெய்ப்பித்தன. 2001-இல் ஃபாஸ்டர் கிரீக்கில் வணிக உற்பத்தி தொடங்கியது.

சாக்டியின் குறை அதன் வெப்பப் பசி. ஒரு பீப்பாய் பிட்டுமென் எடுக்க எத்தனை பீப்பாய் நீரை நீராவியாக்க வேண்டியிருக்கிறது என்பதை நீராவி–எண்ணெய் விகிதம் என்பார்கள். மிக நல்ல பாறையில் அது 2-ஐ ஒட்டி இருக்கும், சுமாரான பாறையில் 3, 4 என்று ஏறும். விகிதம் 3 என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிடுவோம். ஒரு பீப்பாய் நீர் 159 லிட்டர். கொதிகலனின் இழப்பையும் சேர்த்தால் அதை நீராவியாக்க 430 மெகாஜூல் அளவு எரிவாயு வேண்டும். மூன்று பீப்பாய்க்கு 1.3 கிகாஜூல், அதை எரித்தால் 70 கிலோவை ஒட்டிக் கரியமில வாயு. இதில் பிட்டுமெனைச் சூடாக்கப் போவது சிறு பங்கே. பெரும்பங்கு மணலையும் அதிலுள்ள நீரையும் சூடாக்கப் போகிறது, இன்னொரு பெரிய பங்கு அறையின் கூரையைத் தொட்டு மேலுள்ள களிமண் பாறைக்குள் வீணாகக் கசிகிறது. எண்ணெயே இல்லாத பாறைக்குத் தரும் இந்த வெப்பத்தை மிச்சப்படுத்த முடியுமா என்ற கேள்வியில்தான் கரைப்பான் உள்ளே வருகிறது.

வெப்பத்தை முற்றிலும் விட்டுவிட்டுக் கரைப்பானை மட்டும் செலுத்தலாமே என்ற யோசனை பட்லருக்கே இருந்தது. அவரும் மோக்ரிஸ் என்ற ஆய்வாளரும் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் முன்வைத்த 'வேப்பெக்ஸ்' முறையில் அதே இரட்டைக் கிணற்றில் நீராவிக்குப் பதிலாகப் புரோப்பேன் போன்ற கரைப்பானின் ஆவி செலுத்தப்படும். தாளில் அது அழகான முறை: கொதிகலன் வேண்டாம், நீர் வேண்டாம், கரியமில வாயு மிகக் குறைவு. வயலில் அது எழவில்லை, காரணம் அடிப்படை இயற்பியலிலேயே இருக்கிறது. எண்ணெய் நிரம்பிய மணலில் வெப்பம் பரவும் கெழு விநாடிக்கு 10 லட்சத்தில் ஒரு பங்கு சதுர மீட்டர் அளவில் இருக்கிறது. கரைப்பான் மூலக்கூறு பிட்டுமெனுக்குள் விரவும் கெழுவோ அதைவிட ஆயிரம் மடங்கோ அதற்கும் மேலோ சிறியது. வடியும் வீதம் இந்தக் கெழுவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் ஆயிரம் மடங்கு வேறுபாடு முப்பது மடங்காகச் சுருங்குகிறது, ஆனாலும் ஓராண்டில் வரவேண்டிய எண்ணெய்க்கு முப்பது ஆண்டு காத்திருக்கும் முதலீட்டாளர் எவரும் இல்லை. சிறு மாதிரிப் பெட்டிகளில் செய்த ஆய்வுகளில் வீதம் இதைவிட நன்றாகவே வந்தது, அந்த வேறுபாட்டை விளக்க ஆய்வாளர்கள் பலவாறு முயன்றார்கள். வயற்சோதனைகளோ வீதம் போதாது என்றே காட்டின.

ஆக வெப்பம் தொலைவாகப் போகும், கரைப்பான் போகாது. இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது: நீராவி ஓரத்திலுள்ள பிட்டுமெனைச் சூடாக்கி நெகிழ்த்துகிறது, சூடான, நெகிழ்ந்த பிட்டுமெனுக்குள் கரைப்பான் முன்னைவிட விரைவாகப் புகுகிறது, புகுந்தபின் வெப்பம் குறைத்த பாகுநிலையை அது மேலும் குறைக்கிறது. இந்தக் கலவை யோசனை 1970-களிலேயே ஆராயப்பட்டது என்றாலும், அதற்கு ஒரு தெளிவான தேர்வு விதியைக் கொடுத்தது ஆல்பர்ட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் நாசரும் அவருடைய குழுவினரும் செய்து 2003-இல் வெளியிட்ட பணி. அறையின் அழுத்தத்தில் நீராவி எந்த வெப்பநிலையில் நீராகிறதோ ஏறக்குறைய அதே வெப்பநிலையில் திரவமாகும் கரைப்பானைத் தேர்ந்தெடுங்கள் என்பது அந்த விதியின் சாரம். அப்போது இரண்டும் ஆவியாகவே ஓரம்வரை சேர்ந்து பயணம் செய்து, வேலை இருக்கும் இடத்தில் சேர்ந்தே திரவமாகும்.

எண்களில் பார்த்தால் விதியின் பொருள் இன்னும் தெளிவாகும். 2 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 20 மடங்கில், நீராவி 212 டிகிரியில் நீராகிறது. அதே அழுத்தத்தில் தூய புரோப்பேன் 57 டிகிரியை ஒட்டியும், பியூட்டேன் 114 டிகிரியை ஒட்டியும், பென்டேன் 163 டிகிரியை ஒட்டியும், ஹெக்சேன் 206 டிகிரியை ஒட்டியும் திரவமாகின்றன. ஹெக்சேன் ஏன் அந்த ஆய்வுகளின் செல்லப்பிள்ளையானது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆனால் இந்த ஒப்பீடு பாதி உண்மைதான். மறுபாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீரும் ஹைட்ரோகார்பனும் திரவ நிலையில் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதால், இரண்டின் ஆவிகளும் சேர்ந்திருக்கும் இடத்தில் மொத்த அழுத்தத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அதனால் கலவை திரவமாகும் வெப்பநிலை தனித்தனி வெப்பநிலைகள் இரண்டைவிடவும் கீழே போகிறது. 2 மெகாபாஸ்கலில் நீரும் ஹெக்சேனும் சேர்ந்து திரவமாகும் வெப்பநிலை 173 டிகிரி அளவில்தான் இருக்கும். பியூட்டேன் என்றால் 110 டிகிரிக்கே இறங்கிவிடும். நீராவியில் கரைப்பான் சிறு பங்குதானே, இவ்வளவு இறங்குமா என்று கேட்கலாம். கிணற்று வாயில் பங்கு சிறியதுதான். ஆனால் ஓரத்தை நோக்கிப் போகும் வழியில் நீராவி முதலில் நீராகிக்கொண்டே வர, மீந்த ஆவியில் கரைப்பானின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. ஓரத்தின் கடைசிச் சில சென்டிமீட்டர்களில் கரைப்பான் செறிந்த, சற்றுக் குளிர்ந்த ஒரு படலம் உருவாகிறது. இதனால் ஒரு நட்டமும் ஓர் ஆதாயமும் உண்டு. பிட்டுமென் முன்னளவுக்குச் சூடாகாததால் வெப்பம் தரும் நெகிழ்வு குறைகிறது; பாறைக்குத் தர வேண்டிய வெப்பமும் அதனால் குறைகிறது. கரைப்பான் தரும் நெகிழ்வு அந்த நட்டத்தை ஈடுகட்டி மேலும் மிஞ்சினால்தான் எண்ணெய் வீதம் கூடும். ஹெக்சேனில் அது பெரும்பாலும் மிஞ்சுகிறது. பியூட்டேனில் வீதம் பெரிதாகக் கூடாமலே நீராவிச் செலவு மட்டும் நன்றாகக் குறைவதும் உண்டு.

வீதம் எவ்வளவு கூடும் என்பதில் மிகை எதிர்பார்ப்பு வேண்டாம். பட்லரின் சூத்திரத்தில் எண்ணெய் வடியும் வீதம் பாகுநிலையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. பாகுநிலை நான்கில் ஒன்றாகக் குறைந்தால் வீதம் இரட்டிக்கும், அவ்வளவுதான். ஓரப் படலத்தில் பாகுநிலை பத்தில் ஒன்றானது என்று ஆய்வறிக்கையில் படித்துவிட்டு உற்பத்தி பத்து மடங்காகும் என்று நினைப்பவர்கள் இந்த வர்க்கமூலத்தை மறந்துவிடுகிறார்கள்.

எந்தக் கரைப்பான் என்ற கேள்விக்கு வெப்பநிலைப் பொருத்தம் மட்டும் விடையாகாது. இலகுவான புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் மலிவு, பிட்டுமெனிலிருந்து எளிதாக ஆவியாகிப் பிரியும் என்பதால் மீட்பதும் எளிது. ஆனால் அவற்றில் ஒரு பகுதி ஓரத்தில் திரவமாகாமல் வாயுவாகவே அறையின் மேற்பகுதியில் தேங்கிவிடும். அப்படித் தேங்குவது கூரையின் வழியே வெப்பம் கசிவதைத் தடுக்கும் போர்வையாக உதவுகிறது, அளவு மீறினால் நீராவி ஓரத்தை எட்டுவதையே தடுக்கிறது. கனமான ஹெக்சேன், ஹெப்டேன் ஓரத்தில் நன்கு வேலை செய்யும், அதே காரணத்தால் மீந்த எண்ணெயிலும் நன்கு கரைந்து தங்கும். இவை இரண்டுக்கும் நடுவில் நிறுவனங்கள் பலவும் வந்து நிற்பது இயற்கை எரிவாயுவோடு கிடைக்கும் இலகுத் திரவக் கலவையில், அதாவது காண்டென்சேட்டில். அது தூய பொருளன்று; பென்டேன் தொடங்கிப் பல கூறுகளின் தொகுப்பு. எனவே ஓரத்தின் வெவ்வேறு வெப்பநிலைகளில் அதன் வெவ்வேறு கூறுகள் திரவமாகின்றன. ஆய்வாளர்களுக்கு அது அழுக்கான தேர்வாகத் தோன்றும். வயற்பொறியாளர்களுக்கு அதுதான் கையிலிருப்பது.

கையிலிருப்பது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடு தணிந்த பிட்டுமெனைக் குழாய்வழியில் அனுப்ப முடியாது. அதனோடு 30 சதவீதத்தை ஒட்டிய அளவுக்கு 'டைலுயென்ட்' என்ற இலகு எண்ணெயைக் கலந்துதான் ஆல்பர்ட்டாவிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள். அந்த டைலுயென்ட் பெரும்பாலும் காண்டென்சேட்தான். எப்படியும் விலைகொடுத்து வாங்கி வயலுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்ட திரவத்தை மேலே கலப்பதற்கு முன் ஒருமுறை நிலத்தடியில் சுற்றவிட்டால் என்ன என்பதுதான் கணக்கு. பிட்டுமெனோடு கலந்து மேலே வரும் கரைப்பானைப் பிரித்தெடுக்கவும் வேண்டியதில்லை, அது ஏற்கெனவே கலக்கப்பட்ட டைலுயென்டாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை நான் மிகவும் மதிக்கிறேன். கரைப்பான் முறைகளில் வணிக அளவில் முதலில் நிலைத்தது இதை ஒட்டியதாக இருந்ததில் வியப்பில்லை. இம்பீரியல் ஆயில், கோல்ட் லேக்கின் சுழற்சி நீராவிக் கிணறுகளில் நீராவியோடு சுமார் 6 சதவீத அளவு டைலுயென்டைச் சேர்க்கும் 'லேசர்' என்ற முறையை 2002-இல் சோதித்து, 2007-இல் வணிக அளவுக்குக் கொண்டுபோனது. பல சுழற்சிகளைக் கடந்து சோர்ந்துவிட்ட கிணறுகளுக்கு அது மீண்டும் தெம்பு தந்தது.

சாக்டி வயல்களில் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. என்கானா நிறுவனம் 2002-இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் சென்லாக்கிலும், 2004-இல் ஆல்பர்ட்டாவின் கிறிஸ்டினா லேக்கிலும் பியூட்டேனைச் சேர்த்துச் சோதித்தது. எண்ணெய் வீதம் கூடியதும் நீராவி–எண்ணெய் விகிதம் இறங்கியதும் தெளிவாகத் தெரிந்தன. அந்த நம்பிக்கையில், அதன் வழித்தோன்றலான செனோவஸ் நிறுவனம் நாரோஸ் லேக் திட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே பியூட்டேனுக்காக வடிவமைத்து 2012-இல் ஒப்புதலும் பெற்றது. 2014-இன் இறுதியில் எண்ணெய் விலை சரிந்தபோது நாரோஸ் லேக் கிடப்பில் போடப்பட்டது. பிற்காலத்தில் அது கிறிஸ்டினா லேக்கோடு குழாயால் இணைக்கப்பட்ட எளிய திட்டமாக உருமாறியது. நீராவியை அறவே விட்டு, சூடாக்கிய கரைப்பானை மட்டும் செலுத்தும் 'என்சால்வ்' முறை 2014 முதல் டோவர் என்ற இடத்தில் சோதிக்கப்பட்டு எண்ணெயும் தந்தது, ஆனால் வணிக அளவுக்கு வளரவில்லை. கரைப்பான் சேர்த்த சாக்டியைத் தொடக்கத்திலிருந்தே வணிக அளவில் இயக்கும் திட்டம் 2024-இல்தான் வந்தது: கோல்ட் லேக்கின் கிராண்ட் ராப்பிட்ஸ் பாறையடுக்கில் இம்பீரியல் ஆயில் தொடங்கிய, நாளொன்றுக்கு 15,000 பீப்பாய்க்குத் திட்டமிடப்பட்ட உற்பத்தி அது. வழக்கமான நீராவி முறையோடு ஒப்பிட்டால் ஒரு பீப்பாய்க்கு வெளியாகும் பசுங்குடில் வாயு 40 சதவீதம்வரை குறையும் என்பது நிறுவனத்தின் கூற்று.

ஆய்வகத்தில் முதல் நம்பிக்கை பிறந்ததற்கும் இந்தத் திட்டத்துக்கும் இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்ததற்கான காரணத்தைக் கற்பனையான ஒரு கிணற்று இணையை வைத்துச் சொல்கிறேன். அது நாளொன்றுக்கு 300 கன மீட்டர் நீராவியை வாங்கி 100 கன மீட்டர் பிட்டுமென் தருகிறது. அந்த நீராவியோடு 10 சதவீதம், அதாவது 30 கன மீட்டர் கரைப்பான் சேர்க்கிறோம். எண்ணெய் 125 கன மீட்டராக உயர்கிறது. கரைப்பானின் விலை பிட்டுமெனைப் போல் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனதில் 20 சதவீதம் தங்கிவிட்டால் இழப்பு 6 கன மீட்டர், பிட்டுமென் மதிப்பில் 9. ஆதாயமான 25-இல் 16 கையில் நிற்கிறது, நல்ல வியாபாரம். தங்குவது 50 சதவீதமானால் இழப்பு 15 கன மீட்டர், பிட்டுமென் மதிப்பில் 22.5, ஆதாயத்தில் மிஞ்சுவது 2.5. கரைப்பானைக் கையாளும் தொட்டி, அழுத்தி, பிரிப்பான் ஆகியவற்றின் செலவு அதைத் தின்றுவிடும். இயற்பியல் இரண்டு நிலையிலும் ஒன்றேதான், எண்ணெய் வீதமும் ஒன்றேதான். வணிகம் மட்டும் தலைகீழ். பிட்டுமென் விலை சரியும்போது கரைப்பான் விலையும் அதே அளவுக்குச் சரியும் என்பதற்கு உறுதி கிடையாது, நீராவிக்கு எரிக்கும் இயற்கை வாயுவோ ஆல்பர்ட்டாவில் பல ஆண்டுகளாக மலிவாகவே கிடைத்துவருகிறது. மலிவான வெப்பத்தை மிச்சப்படுத்த விலையுயர்ந்த திரவத்தைப் பணயம் வைப்பதா என்று கணக்காளர் கேட்கும்போது பொறியாளரிடம் உறுதியான எண் இருக்க வேண்டும்.

அந்த உறுதியான எண்ணைப் பெறுவதுதான் கடினம். காண்டென்சேட் போன்ற கலவையை அனுப்பும்போது, மேலே வரும் திரவத்தில் எது திரும்பிவந்த கரைப்பான், எது பிட்டுமெனின் சொந்த இலகுக் கூறு என்று பிரித்தறிய அடிக்கடி மாதிரி எடுத்துப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் கரைப்பானையே எண்ணெயாக எண்ணி உற்பத்தி கூடிவிட்டதாக மகிழும் பிழை நேரும். அடுத்து, சோதனைக்கு எடுக்கும் ஒற்றைக் கிணற்று இணையின் அறை பக்கத்து இணையின் அறையோடு காலப்போக்கில் ஒட்டிவிடுகிறது. அப்போது இங்கே அனுப்பிய கரைப்பான் அங்கே வெளிவரும், கணக்கு இரண்டு பக்கமும் குழம்பும். ஒப்பீட்டுக்கு வைத்த கிணறும் ஒரே தரத்துப் பாறையில் இருப்பது அரிது. அத்தபாஸ்காவின் பிட்டுமென் கிடக்கும் மெக்முர்ரே பாறையடுக்கில் சில பத்து மீட்டருக்குள்ளேயே சாய்வான களிமண் படலங்கள் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

கணினி மாதிரிகளை இந்த விஷயத்தில் அளவோடுதான் நம்ப வேண்டும் என்பது என் கருத்து. கரைப்பான் வேலை செய்யும் படலம் சென்டிமீட்டர் கணக்கில் தடிமனுள்ளது, கணக்கிடுவதற்காகப் பாறையை மாதிரியில் பிரிக்கும் கட்டங்களோ பெரும்பாலும் ஒரு மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ளவை. ஒரு கட்டத்துக்குள் நுழைந்த கரைப்பான் அந்தக் கட்டம் முழுவதும் ஒரே சீராகக் கலந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. இயற்கையில் நடக்க மாதங்கள் பிடிக்கும் கலப்பு கணினியில் ஒரு கணத்தில் நடந்துவிடுகிறது. திட்ட அறிக்கைகளில் கரைப்பானின் பலன் வயலில் கண்டதைவிடப் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறதா என்று காட்டாத அறிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை.

அஸ்ஃபால்ட்டீன் பற்றியும் சொல்ல வேண்டும். பிட்டுமெனின் மிகக் கனமான இந்தக் கூறு, புரோப்பேன், பியூட்டேன், பென்டேன் போன்ற நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் மிகும்போது கரைசலிலிருந்து பிரிந்து படிகிறது. படிவது நல்லதா கெட்டதா என்பதற்கு இரண்டு பக்கமும் சான்று உண்டு. கனமான கூறு நிலத்தடியிலேயே தங்கிவிட்டால் மேலே வரும் எண்ணெய் தரமானதாக, பாகுநிலை குறைந்ததாக, உலோக மாசு குறைந்ததாக இருக்கும். தூய கரைப்பான் முறைகளை ஆதரிப்பவர்கள் இதைப் பெரிய ஆதாயமாகக் காட்டுவார்கள். படிவது பாறையின் துளைகளிலும் உற்பத்திக் கிணற்றின் மணல் வடிகட்டியிலும் நடந்தால் வழி அடைபடும். நீராவியோடு சில சதவீதமே சேர்க்கும் முறையில் வெப்பமும் அதிகம், கரைப்பான் செறிவும் அளவோடு என்பதால் இந்த அபாயம் பொதுவாகப் பெரிதாக எழுவதில்லை. செறிவு 20 சதவீதத்தைத் தாண்டி உயர்த்தத் திட்டமிடுபவர்கள் அந்தந்தப் பிட்டுமெனை வைத்தே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இயக்குவதில் வரும் சிக்கல்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன், ஏனெனில் அதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. சாக்டியில் கீழ்க்கிணற்றுக்குள் நீராவி புகாமலிருக்க, அங்குள்ள திரவத்தின் வெப்பநிலையை அந்த அழுத்தத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலையைவிடச் சில டிகிரி கீழே வைத்திருப்பார்கள். இந்த இடைவெளியைச் 'சப்கூல்' என்பார்கள். திரவத்தில் கரைப்பான் கலந்திருக்கும்போது கொதிக்கும் வெப்பநிலை நீருக்குரியதைவிடக் கீழே வந்துவிடுகிறது. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று இயக்குபவர் நினைக்கும் நேரத்தில் கரைப்பான் ஆவி கிணற்றுக்குள் புகுந்து, ஓரத்துக்குப் போகாமலே நேராக மேலே வந்துகொண்டிருக்கும். கணக்கேட்டில் கரைப்பான் மீட்பு மிக நன்றாகத் தெரியும், நிலத்தடியில் அது எந்த வேலையும் செய்திருக்காது. எனவே மீட்பு விகிதம் உயர்வாக இருப்பதும் தனியே நற்செய்தி ஆகிவிடாது. நீராவி–எண்ணெய் விகிதம் கூடவே இறங்கியதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கே பொருந்தும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆழம் குறைந்த பாறைகளில் அழுத்தத்தை உயர்த்த முடியாது, எண்ணெய் அடுக்கை மேலிருந்து மூடியிருக்கும் மூடுபாறை உடைந்துவிடும். 2006 மே மாதம் ஜாஸ்லின் திட்டத்தில் நீராவி நிலத்தைப் பிளந்து வெளியேறிய பிறகு ஆல்பர்ட்டாவில் இதில் கண்டிப்பு கூடியது. அழுத்தம் குறைந்தால் நீராவியின் வெப்பநிலையும் குறையும், வெறும் நீராவியால் வீதம் எடுபடாது, அங்கே கரைப்பானின் உதவிக்கு மதிப்பு அதிகம். எண்ணெய் அடுக்கு மெலிதாக இருக்கும் இடங்களில் கூரை வழியே வெப்ப இழப்பு விகிதம் அதிகம் என்பதால் அங்கும் அது உதவும். மாறாக, எண்ணெய் அடுக்குக்கு மேலே வாயுவோ நீர் நிரம்பிய அடுக்கோ திறந்து கிடந்தால் கரைப்பானை அனுப்பக் கூடாது. நீராவி அங்கே தப்பினால் எரிபொருள் செலவோடு போகும், கரைப்பான் தப்பினால் முதலே போய்விடும்.

கடைசியாக, எப்போது சேர்ப்பது, எப்போது நிறுத்துவது. அறை முழுமையாக உருவாகாத தொடக்க மாதங்களில் சேர்த்தால் பெரும்பகுதி கிணற்றைச் சுற்றியே சுழன்று திரும்பிவிடும். அறை மேலெழுந்து கூரையைத் தொட்டு, பக்கவாட்டில் விரியத் தொடங்கும் கட்டத்தில்தான் வெப்ப இழப்பும் உச்சத்தை நோக்கிப் போகிறது, கரைப்பானுக்கு வேலை செய்ய நீண்ட ஓரமும் கிடைக்கிறது. பெரும்பாலான இயக்குநர்கள் அப்போதே தொடங்குவதை விரும்புகிறார்கள். நிறுத்துவதை ஆயுளின் இறுதிவரை தள்ளிப்போடக் கூடாது. எடுக்கத்தக்க எண்ணெயில் கணிசமான பகுதி மீந்திருக்கும்போதே கரைப்பானை நிறுத்திவிட்டு, சில காலம் நீராவியை மட்டும் அனுப்ப வேண்டும். சூடான அறைக்குள் மீந்த எண்ணெயிலும் நீரிலும் ஒட்டிக்கிடக்கும் கரைப்பான் அப்போது ஆவியாகி ஓரத்துக்கு நகர்ந்து எண்ணெயோடு வடியும். அதன்பின் நீராவியையும் நிறுத்தி, அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கினால் மிச்சமும் கொதித்து வாயுவாக வெளிவரும், அதைப் பிடித்துத் திரவமாக்க மேலே குளிர்விப்பானும் அழுத்தியும் அன்றும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். முன்சொன்ன கற்பனைக் கணக்கில் 50 சதவீத இழப்பை 20-ஐ நோக்கி இறக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த இறுதிக் கட்டத்தில்தான் நடக்கிறது. சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ முடித்துவிடும் சிறு சோதனைகள் இந்தக் கட்டத்தை எட்டாமலே முடிந்துவிடுவதால், அவை தரும் மீட்பு எண்களை அப்படியே முழு ஆயுளுக்கும் பொருத்திவிட முடியாது.